குமி மாவட்டம், உகாண்டா: மாற்றுத்திறன் குழந்தைகளின் பராமரிப்புச் செலவைக் கூட்டுப் பண்ணை தாங்குமா?

நெல்மணி (கேள்வி):

கிழக்கு உகாண்டாவில், தேசோ பகுதியின் குமி மாவட்டத்தில் 20 தாய்மார் சேர்ந்த குழு ஒன்று. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூளை முடக்குவாதம். அவர்களில் ஏழெட்டுப் பேருக்கு வலிப்பும் உண்டு. இரண்டு கைக்குழந்தைகளுக்கு வளைபாதம். அங்குள்ள ஒரு குலத்தார் 4 ஏக்கர் நிலத்தைக் கொடுத்து, பயிர் செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். மணல் கலந்த மண், பாசனம் கிடையாது. முதல் ஆண்டு விதைக்கும் உழவுக்கும் பணம் இருக்கிறது. அதற்குப் பிறகு வெளியிலிருந்து ஒரு காசும் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு ஏக்கரிலும் நிலக்கடலை, ஆண்டுக்கு இரண்டு போகம் போட்டு, லாபத்தை மருந்து, பிசியோதெரபி, ஆஸ்பத்திரிப் பயணம், சக்கர நாற்காலி என்று பிரிக்கலாம் என்பது இப்போதைய யோசனை. கணக்கு நிற்குமா? இப்படிப்பட்ட குழுக்கள் எங்கே சறுக்குகின்றன? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

கரிசல்காடு:

கடலை சரியான தேர்வுதான். அந்த மண்ணுக்கும் மழைக்கும் ஒத்துப்போகும், சந்தையும் உண்டு. ஆனால் நாலு ஏக்கரும் கடலை வேண்டாம். நிலம் போதாமல் இப்படிப்பட்ட குழுக்கள் கெட்டதைவிடக் கை போதாமல் கெட்டதுதான் அதிகம்.

களையெடுப்பை வைத்தே கணக்குப் போடுங்கள். மண்வெட்டியால் ஓர் ஏக்கர் கடலைக்கு ஒரு தடவை களையெடுக்க ஏறத்தாழ 12 ஆள்நாள் ஆகும். நாலு ஏக்கருக்கு 48. முதல் களை, விதைத்த மூன்றாம் வாரத்துக்குள் முடிய வேண்டும். இரண்டாவது, விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் காம்பு) இறங்குவதற்கு முன். விழுது இறங்கிய பிறகு மண்ணைக் கொத்தினால் காய் போச்சு. இந்தத் தாய்மாருக்குச் சொந்தக் காடும் உண்டு, அதற்கும் அதே வாரத்தில்தான் களை. இடையில், விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு ஒருவேளைச் சோறு ஊட்டவே முக்கால் மணி நேரம் போகும். ஆக, ஒருவர் வாரத்துக்கு இரண்டு அரைநாள் கொடுத்தாலே பெரிது. 20 பேருக்கு அது வாரம் 20 ஆள்நாள். 48 ஆள்நாள் வேலை முடிய இரண்டரை வாரம் ஆகும், அதற்குள் களை முழங்காலுக்கு வந்துவிடும்.

அதனால் ஒன்றரை ஏக்கர் கடலை, ஓர் ஏக்கர் சர்க்கரைவள்ளி, அரை ஏக்கர் மரவள்ளி, மீதி ஓர் ஏக்கரில் கேழ்வரகோ சோளமோ போடுங்கள். அந்தக் கடைசி ஏக்கரை அடுத்த போகத்தில் கடலைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரே துண்டில் கடலைக்குப் பின் கடலை போட்டால் இலைப்புள்ளி ஏறும், விளைச்சல் இறங்கும்.

இனி பணம். கீழே உள்ளவை கணக்கு ஓட்டிப் பார்ப்பதற்கான அனுமான எண்கள், உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 350 கிலோ பருப்பு, கிலோ 5,000 ஷில்லிங் என்றால் 17.5 லட்சம் வரவு. விதை, காளை உழவு இரண்டு தடவை, களைக்குக் கொஞ்சம் கூலி ஆள், சாக்கு, வண்டி எல்லாம் சேர்த்து 7 லட்சம். நிகரம் சுமார் 10 லட்சம். ஒன்றரை ஏக்கரில் இரண்டு போகத்துக்கு 30 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். பிள்ளைக்கு மாதம் 25,000 ஷில்லிங் என்று வைத்தாலும் 20 பேருக்கு ஆண்டுக்கு 60 லட்சம் வேண்டும். ஆக நல்ல ஆண்டில் பாதிச் செலவைக் கடலை தாங்கும், மழை பொய்த்த ஆண்டில் கால்வாசி. இதைத் தாய்மாரிடம் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். எல்லாச் செலவையும் பண்ணை பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி ஆரம்பித்த குழு இரண்டாம் போகத்தில் உடையும்.

சாகுபடிக்கு வருவோம். முதல் மழை மார்ச்சில், இரண்டாவது ஆகஸ்டில். மழை நிலைத்த முதல் இரண்டு வாரத்துக்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும். தாமதித்தால் அசுவினி கொண்டுவரும் ரோசெட் நோய் பிடிக்கும். செடி குட்டையாகக் கொத்துக்கொத்தாய் நின்றுவிடும், காய் இருக்காது. இடைவெளி விட்டு நட்ட வயலில் அசுவினி அதிகம் இறங்கும், அதனால் 45 × 15 சென்டிமீட்டரில் நெருக்கி நட்டு, முளைக்காத இடத்தை ஒரு வாரத்துக்குள் நிரப்புங்கள். ஏக்கருக்கு 60,000 குழி வரும், 35 கிலோ பருப்பு வேண்டும். பக்கத்திலேயே செரேரேயில் அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ரோசெட் தாங்கும் செரேநட் ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான். விதையை அங்கேயோ பதிவுபெற்ற விதைக்குழுவிடமோ வாங்குங்கள். சந்தைக் கடலையை விதைக்காதீர்கள்.

முதல் போகத்தில் கடலையைக் காயவைப்பதுதான் பெரிய சோதனை. அறுவடையின்போது மழை இருக்கும். வெறுந்தரையில் கொட்டாமல் தார்ப்பாயில் பரப்பி, சாயங்காலம் அள்ளி உள்ளே வையுங்கள். காதருகே காயை ஆட்டினால் பருப்பு கலகலவென்று சத்தம் போட வேண்டும். அதுவரை சாக்கில் கட்டக் கூடாது. உரிக்கும்போது ஓடு மென்மையாகட்டும் என்று தண்ணீர் தெளிக்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. அதை அடியோடு நிறுத்துங்கள், பூஞ்சணத்துக்கும் அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சுக்கும் அதுதான் வாசல். காயாகவே சேமித்து, விற்கிற வாரத்தில் உரியுங்கள். கையால் ஒருவர் மணிக்கு ஒன்றிரண்டு கிலோதான் உரிக்க முடியும். கான்கிரீட்டில் வார்த்த கைச்சுழல் உரிப்பான் ஒன்று குழுவுக்கு இருந்தால் ஒரு மணியில் 50 கிலோ வரை போகும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உரித்து முடித்ததும் நல்ல பருப்பு சந்தைக்குப் போகும். சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது எல்லாம் வீட்டுக்கு வந்து அரைபட்டுப் பிள்ளைகளின் கஞ்சியில் சேரும். பூஞ்சணம் அதிகம் இருப்பது அந்தக் கழிவில்தான். இந்தப் பிள்ளைகளுக்கென்று போட்ட பயிரின் நஞ்சு அவர்களுக்கே போய்விடக் கூடாது. நல்ல பருப்பில் வீட்டுக்கு இத்தனை கிலோ என்று முதலில் எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தை விற்கச் சொல்லுங்கள். கழிவை யாரும் தின்ன வேண்டாம், கோழிக்கும் போட வேண்டாம்.

நிலம் பற்றி. தேசோவில் பெரும்பாலும் குலவழி உரிமைதான். வாய்ச்சொல் போதாது. முதல் நல்ல விளைச்சலைப் பார்த்ததும் குலத்தில் யாராவது ஓர் இளைஞர் வந்து நிலத்தைக் கேட்பார். ஐந்து ஆண்டுக்கு எழுத்தில் வாங்குங்கள். குலப் பெரியவர்கள், நாலு எல்லையிலும் உள்ள பக்கத்து நிலத்தார், எல்சி ஒன்று (கிராம மன்றம்) தலைவர் ஆகியோரின் கையெழுத்து வேண்டும். எல்லையைக் காலால் நடந்து, மரம் நட்டுக் குறித்து, அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

---

பிசியோ மீனா:

கரிசல்காடு எழுதியதோடு சேர்த்து ஒன்று: செலவுப் பக்கத்தையும் ஆராயுங்கள். பிசியோதெரபி என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் ஒருமுறை நகரத்திலிருந்து ஒருவரை வரவழைத்து 20 பிள்ளைகளுக்கு ஆளுக்குக் கால்மணி நேரம் கையைக் காலை அசைத்துவிட்டுப் போவதற்குக் கடலைப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்தக் கால்மணியால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. தூக்குவது, உட்காரவைப்பது, ஊட்டுவது, உடுத்துவது என்று தாய் நாள் முழுக்கச் செய்வதுதான் உண்மையான சிகிச்சை. அதே பணத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவரை வரவழைத்து, தாய்மாருக்கே சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள். கூட்டம் நடக்கிற நாளிலேயே அதுவும் நடக்கட்டும்.

எதற்குப் பணம் தயாராக இருந்தே ஆக வேண்டும் என்றால், முதலில் வலிப்பு மருந்து. அரசு சுகாதார நிலையங்களில் 2001 முதல் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே மருந்து தீர்ந்துபோவது சகஜம். பீனோபார்பிடோனைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாத மருந்து கூடுதலாக வீட்டில் இருக்க வேண்டும். நிலையத்தில் மருந்து இல்லாத மாதம் அதை எடுத்துக்கொண்டு, நிதியிலிருந்து வாங்கி உடனே ஈடு செய்ய வேண்டும்.

அடுத்தது வளைபாதம். பொன்செட்டி முறையில் வாரம் ஒரு மாவுக்கட்டு, ஐந்தாறு வாரம். பிறகு பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குதிகால் தசைநாணில் சிறு வெட்டு, மூன்று வாரம் கடைசிக் கட்டு. அதன்பின் மூன்று மாதம் நாளைக்கு 23 மணி நேரமும், பிறகு நாலு வயது வரை தூங்கும்போதும் பட்டைச் செருப்பு (இரண்டு செருப்பையும் ஒரு பட்டையால் இணைத்தது). அந்த ஆறு வாரம் விதைப்பு மாதத்தில் விழுந்தால் தாய் இரண்டு தடவை போய்விட்டு நிறுத்திவிடுவார், பாதம் பழையபடி திரும்பும். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது. அந்தத் தாயின் பண்ணை வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொள்வது, வாராவாரம் போடாபோடா (வாடகை மோட்டார்சைக்கிள்) வாடகையை நிதி கொடுப்பது என்று விதியாகவே எழுதிவையுங்கள். இங்கே வாடகையைவிட அந்த வேலைமாற்று முக்கியம்.

மூன்றாவது, தலை வேகமாகப் பெருக்கும் கைக்குழந்தை. தலையில் நீர் கோப்பது அந்தப் பக்கத்தில் பிறந்த சில வாரங்களில் வரும் தொற்றுக்குப் பிறகும் வருகிறது. குமியிலிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டரில் இம்பாலேயில் கியூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. குழாய் வைக்காமல் உள்நோக்கிக் கருவியால் செய்யும் அறுவை முறையை உலகுக்குக் காட்டிய இடங்களில் அது ஒன்று. இதற்கு அறுவடை வரை காத்திருக்க முடியாது. போகவர வண்டிக்காசும் இரண்டு வாரச் சாப்பாட்டுக்காசும் எப்போதும் குழுவின் பணப்பெட்டியில் இருக்க வேண்டும். பிறந்த குழந்தையின் தலையைச் சுற்றி நூலால் அளந்து, வாரம் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தால் படிக்கத் தெரியாத தாய்க்கும் வித்தியாசம் தெரியும்.

நாற்காலி. எல்லாருக்கும் சக்கர நாற்காலி வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது நிமிர்ந்து உட்காரும் இருக்கை. ஜிம்பாப்வேயில் தொடங்கிய காகித முறையில் அதை ஊரிலேயே செய்யலாம். பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி, காய்ச்சிய மாவுப்பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டி, மேலே கனமான எடை வைத்து அழுத்த வேண்டும். மூலைகளுக்குக் காகிதத்தை இறுக்கிச் சுருட்டிய குச்சிகள். மேலே காகிதக் கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி மூட வேண்டும். பெரும்பாலும் கெடுவது காயவைப்பதில்தான். வெளியே காய்ந்தும் உள்ளே ஈரமாக இருக்கும்போதே பெயின்ட் அடித்தால் உள்ளுக்குள் பூஞ்சணம் பிடித்து அட்டை பிளக்கும். நிழலும் வெயிலுமாய் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். விரலால் தட்டினால் மரப்பலகைபோல் ஒலிக்க வேண்டும், பொத்தென்று கேட்டால் இன்னும் ஈரம். பிறகுதான் பெயின்ட். பிள்ளை ஏறும் முன் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அளவு: இடுப்பின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, அதில் இரண்டு விரல் குறைத்ததே இருக்கையின் ஆழம். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் மடங்க வேண்டும், பாதம் தொங்கக் கூடாது. அரைமணிக்கு மேல் ஒரே இருக்கையில் விடாதீர்கள்.

சாப்பாட்டையும் பண்ணையோடு சேர்த்தே யோசியுங்கள். இந்தப் பிள்ளைகள் மெலிவதற்கு நோயைவிட, விழுங்க முடியாததே காரணமாக இருப்பது அதிகம். உகாண்டாவில் கிட்டோபெரோ என்ற கூட்டுணவு எல்லாருக்கும் தெரியும். கிழங்கு, கடலைப்பொடி, முகேனே என்ற பொடி மீன், கீரை எல்லாம் ஒரே பொட்டலத்தில் வெந்து மசியும். கெட்டியான கூழாக, கரண்டியைக் கவிழ்த்தால் மெதுவாக வழுக்கி விழும் பதத்தில் கொடுங்கள். தண்ணியாக இருந்தால் நுரையீரலுக்குப் போகும். படுக்கவைத்து, தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றுவதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். சர்க்கரைவள்ளியில் ஆரஞ்சுச் சதை ரகமே போடுங்கள், வைட்டமின் ஏ கிடைக்கும், மசிப்பதும் எளிது.

கடைசியாக, வயலின் ஓரத்தில் ஒரு நிழல்பந்தல், பாய், தண்ணீர். முறைவைத்து இரண்டு தாய்மார் எல்லாப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும், அதுவும் பண்ணை வேலையாகவே கணக்கில் ஏற வேண்டும். பத்து வயதுப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு களையெடுக்கும் தாயின் இடுப்பு இரண்டு ஆண்டில் போய்விடும்.

---

பெட்டிக்கணக்கு:

பணம் ஆண்டுக்கு இரண்டு தடவை வருகிறது, செலவு மாதாமாதம் வருகிறது. நடுவில் நிற்பது சேமிப்புப் பெட்டி, அதாவது குழுவாகச் சேமித்து அதிலிருந்தே கடன் வாங்கிக்கொள்வது. 1991இல் நைஜரில் மராடிப் பக்கத்துப் பெண்களிடையே கேர் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கிய முறைதான் இன்று ஆப்பிரிக்கா முழுக்க இருக்கிறது. குமியில் பெட்டிக்குழு இல்லாத ஊர் அநேகமாக இருக்காது, அதனால் புதிதாகக் கற்பிக்க வேண்டியது குறைவு.

மூன்று பூட்டு, மூன்று சாவி, சாவிக்காரர் மூவரும் வேறு வேறு குடும்பம், பெட்டி நாலாவது ஒருவர் வீட்டில். வாரக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒன்று முதல் ஐந்து பங்கு வரை வாங்கலாம், பாஸ்புத்தகத்தில் பங்குக்கு ஒரு முத்திரை. பங்கு விலையை மிக ஏழையான தாய் வாராவாரம் ஒன்று வாங்கும் அளவில் வையுங்கள். கடன் தன் பங்குத்தொகையின் மூன்று மடங்குக்கு மேல் கிடையாது.

இந்தப் பிள்ளைகளுக்கு முக்கியமானது பங்குப்பணத்தைவிடச் சமூக நிதி. எல்லாரும் சமமாகப் போடுவது, தனிப் பையில், வட்டி இல்லாமல். வாரம் ஆளுக்கு 500 ஷில்லிங் என்றால் 10,000. அதுமட்டும் போதாது. ஒவ்வொரு அறுவடையிலும் முதலில் அடுத்த போகத்தின் விதையையும் உழவுக்கூலியையும் ஒதுக்கி, மிச்சத்தில் பாதியைச் சமூக நிதிக்குக் கொடுங்கள், பாதியை வேலைநாள் கணக்குப்படி பிரியுங்கள். எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கே என்று வைத்தால் கேட்க நன்றாயிருக்கும், ஆனால் மூன்றாம் போகத்தில் களையெடுக்க ஆள் வராது.

பண்ணைப் பணத்தைப் பங்குப் பெட்டியில் கலக்கவே கூடாது. பங்குப்பணம் ஆளுக்கு உரியது, ஆண்டு முடிவில் பிரிந்துபோகும். கலந்துவிட்டால் எது யாருடையது என்ற தகராறு வரும். அறுவடை வாரத்தில் வரும் பெரிய தொகையைப் பெட்டியில் வைக்காமல் மூன்று கையெழுத்துக் கணக்கில் போட்டு, மாதம் ஒரு தவணையாகச் சமூக நிதிக்கு எடுங்கள்.

பல குழுக்கள் கிறிஸ்துமஸுக்கு முன் பங்கு பிரிக்கும். நீங்கள் ஜனவரிக் கடைசியில் பிரியுங்கள். பிப்ரவரியில் பள்ளிக் கட்டணம், மார்ச்சில் விதைப்பு. இரண்டுக்கும் கையில் காசு இருக்கும்.

சட்டங்களில் இரண்டை ஆரம்பத்திலேயே எழுதுங்கள், பிறகு எழுத மனசு வராது. நிதி எதற்குக் கொடுக்கும், எதற்குக் கொடுக்காது என்பது முதலாவது. ஒரு பிள்ளைக்கு ஆண்டில் பத்து மடங்கு செலவாகலாம், இன்னொரு பிள்ளைக்கு ஒன்றுமே ஆகாமல் போகலாம். அது அநியாயம் அல்ல என்பதை அனைவரும் முன்பே ஒப்ப வேண்டும். இரண்டாவது, பிள்ளை இறந்துபோனால் தாயின் இடம். இந்தக் குழுக்களில் அது நடக்கும். எழுதாமல் விட்டால் அந்தத் தாய் துக்கத்தோடு கூட்டத்துக்கு வராமல் நின்றுவிடுவார், உழைத்த பங்கும் போய்விடும். அவர் விரும்பும் வரை முழு உறுப்பினர் என்று எழுதுங்கள்.

குழுவைத் துணைமாவட்டச் சமுதாய வளர்ச்சி அலுவலரிடம் பதிவு செய்யுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசின் சிறப்பு மானியம் கேட்க அது வேண்டும். 2022இல் தொடங்கிய பரிஷ் (சில ஊர்கள் சேர்ந்த நிர்வாகப் பிரிவு) வளர்ச்சித் திட்டத்தில் குடும்பத்துக்கு 10 லட்சம் ஷில்லிங் கிடைக்க வழியுண்டு. ஆனால் அது கடன். ஒரு போகமாவது அறுத்துப் பார்த்து, உண்மையான நிகரம் தெரிந்த பிறகு கேளுங்கள்.

---

நெல்மணி:

மூவருக்கும் மிக்க நன்றி. கடலையை ஒன்றரை ஏக்கராகக் குறைக்கிறோம், பந்தல் முறையையும் வேலைநாளாக எழுதச் சொல்கிறோம். வாரச் செலவுக்குக் கோழி ஒத்துவருமா? சிலர் குரோய்லர் என்கிறார்கள்.

---

கரிசல்காடு:

கோழி ஒத்துவரும், வீட்டோடு இருக்கும் தாய்க்கு ஏற்றது. குரோய்லர் நம் இந்தியாவில் கெக்ஃபார்ம்ஸ் உருவாக்கியது. 2010 வாக்கில் உகாண்டாவுக்குப் போய்ப் பரவியது. மேய்ந்தே வளரும், எடையும் முட்டையும் நாட்டுக்கோழியைவிட மிக அதிகம். ஆனால் அடைகாக்காது, அதன் குஞ்சுகளுக்குத் தாயின் வளர்ச்சியும் வராது. ஒவ்வொரு தடவையும் குஞ்சு காசு கொடுத்து வாங்க வேண்டும், முதல் மூன்று வாரம் சூடு கொடுத்துக் காக்க வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரம் மூன்று டிகிரி குறைவு. இரவில் கரியடுப்பு அணைந்தால் காலையில் மூலையில் குவிந்து செத்துக்கிடக்கும். எனவே 20 வீட்டுக்கும் ஒருநாள் குஞ்சு கொடுக்காதீர்கள். கவனமான ஒருவர் வீட்டில் ஒரு மாதம் வளர்த்து, பிறகு வீட்டுக்கு ஐந்தாறாகப் பிரியுங்கள். அப்படி வளர்ப்பவருக்குக் குஞ்சுக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. இதற்குத் தயாராகும் வரை நாட்டுக்கோழியே போதும்.

எந்தக் கோழியானாலும் வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரு வாரத்தில் ஊரே காலி. ஐ-2 என்ற தடுப்புச் சொட்டுமருந்து வெப்பத்தை ஓரளவு தாங்கும், ஃப்ரிட்ஜ் இல்லாத ஊருக்காகவே உருவானது. ஒரு கண்ணில் ஒரு சொட்டு, நாலு மாதத்துக்கு ஒருமுறை, குஞ்சு முதல் சேவல் வரை எல்லாவற்றுக்கும். ஏற்கெனவே நோய் வந்த மந்தைக்குப் போட்டுப் பயனில்லை. ஒரு புட்டியில் நூற்றுக்கணக்கில் மருந்து இருக்கும், திறந்தால் அன்றே தீர்க்க வேண்டும். அதனால் குழுவின் கோழிகளுக்கு மட்டும் திறப்பது நஷ்டம். நடக்கச் சிரமமில்லாத பிள்ளையுள்ள இரண்டு தாய்மாருக்குச் சொட்டு போடப் பழக்கி, அக்கம்பக்கத்துக் கோழிகளுக்கும் தலைக்கு ஒரு சிறு தொகை வாங்கிப் போடச் சொல்லுங்கள். ஈரத்துணி சுற்றிய புட்டியோடு, விடியற்காலையில் கோழிகளைத் திறந்துவிடும் முன் போய்விட வேண்டும். நவம்பர், மார்ச், ஜூலை என்று மூன்று தேதியைப் பாஸ்புத்தக அட்டையிலேயே எழுதிவைத்துவிடுங்கள். நவம்பர்ச் சுற்று தவறவே கூடாது, டிசம்பரில் வறட்சி தொடங்கியதும்தான் நோய் பரவும்.